நெருக்கடியில் இருக்கும் குடும்பத்துக்குச் சமய, சமூக அறக்கட்டளைகள் உண்மையிலேயே உதவுகின்றனவா? கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறதே?

உதவுகின்றன. உதவி வாங்கிய வீட்டிலும் இருந்திருக்கிறேன், இப்போது கொடுக்கும் குழுவிலும் இருக்கிறேன் என்பதால் இரண்டு பக்கத்தையும் சொல்ல முடியும். கூச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பதுதான் இதில் முக்கியமான கேள்வி.

நான் காரைக்குடிக்கு அருகே ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊரைச் சேர்ந்தவன். 1998-இல் அப்பச்சி, அதாவது என் அப்பா, மாரடைப்பில் இறந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அவருடைய இரும்புக்கடை அதற்கு முன்பே முடங்கி, ஆத்தாளின் (அம்மாவின்) நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எங்களுக்கு என்ன குறை என்றுதான் தோன்றும்; முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. ஆனால் அந்த வீட்டில் பதினொரு பங்காளிகளுக்கு உரிமை உண்டு. வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய ஓர் இரட்டை அறை மட்டுமே எங்களுடையது, அதைத் தனியாக விற்கவும் முடியாது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது பாட்டனார் விட்டுவிட்டு வந்த சொத்தின் மிச்சம் அந்தத் தூண்கள்தாம். தூணைக் காட்டி யாரிடம் அரிசி வாங்குவது?

எங்கள் ஊர்களில் குடும்பங்கள் கோயிலுக்குக் கட்டும் வரியின் கணக்கு புள்ளியை வைத்து நடக்கிறது. திருமணமான ஆணும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி; இருவரில் ஒருவர் இறந்தால் எஞ்சியவர் அரைப்புள்ளி. வரி அதற்கேற்பக் குறையும். சலுகைதான் என்றாலும், அந்தச் சொல் ஆத்தாளை என்ன செய்தது என்பதை நான் பார்த்தேன்.

அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு முன்பு, நகரத்தார் கோயிலின் காரியக்காரர் (நிர்வாகி) ஒருவர் வரி நோட்டுடன் வந்தார். திண்ணையில் பங்காளி வீட்டார் நான்கு பேர் உட்கார்ந்திருக்க, “ஆச்சி, வரி எழுத வந்தேன்” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் பட்டாலைக்குள் வந்து அமர்ந்தார். ஆத்தா கதவோரம் நின்று, “அண்ணே, இந்த வருசம்...” என்று தொடங்கியதற்கு மறுமொழி சொல்லாமல் ரசீதை எழுதிக் கிழித்து, அதன் அடியில் ஒரு மஞ்சள் உறையை வைத்து இரண்டையும் சேர்த்து என்னிடம் நீட்டினார். அரைப்புள்ளிக்கான தொகையை அவரே கட்டியிருந்தார். உறையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருந்தது. திண்ணையில் இருந்தவர்களுக்கு, எங்கள் வீடு வரி கட்டிய வீடு. பின்னாளில் என் கல்லூரிக் கட்டணம் நேராகக் கல்லூரிக்கே போயிற்று.

இன்று எங்கள் அறக்கட்டளையும் இதே வழியில் நடக்கப் பார்க்கிறது. தணிக்கையாளருக்குச் செலவுச் சீட்டு வேண்டும்; ஆனால் சீட்டில் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்த வீடு என்னும் குறிப்பேடு இருவர் பொறுப்பில் இருக்கும். நிதி திரட்டுவதுதான் கடினம். தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர்களுக்கு அன்னதானம் என்றால் மூட்டை மூட்டையாக அரிசி வந்து இறங்குகிறது. ஒருவருடைய டயாலிசிஸ் செலவு என்றால் பத்துப் பேரிடம் பேச வேண்டியிருக்கிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாத தருமத்துக்கு நம்மவர்கள் சற்றுத் தயங்குவார்கள். (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

குறையும் உண்டு. எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகள் சமைத்த அம்மாளின் மகன் விபத்தில் படுத்தபோது, நான் குழுவில் பேசிப் பார்த்தேன். அவர் புள்ளி இல்லை, விதியில் இடமில்லை என்றார்கள். அவருக்கு உதவியவர்கள் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள். 1833-இல் பாரிசில் தொடங்கிய கத்தோலிக்க அமைப்பு அது. இருவர் இருவராக வீட்டுக்கே போய்ப் பார்ப்பது அவர்கள் வழக்கம், மதம் பார்ப்பதில்லை. அந்த அம்மாள் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவர் என்பது தெரிந்தே, மாதம் இருமுறை வந்து போனார்கள். எங்கள் விதியைத் திருத்த வேண்டும் என்று மூன்று கூட்டங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை.

பணத்தைவிடப் பெரிய உதவி சில நேரம் தாலுகா அலுவலகத்துக்குத் துணைக்குப் போவது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும். வீட்டின் முகப்பைப் பார்த்துவிட்டுச் சான்று தர மறுத்த அதிகாரியிடம், பதினொரு பங்கு எழுதிய பத்திரத்தை விரித்துக் காட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: குழுவின் முன் போய் நிற்க வேண்டியதில்லை. கோயில் காரியக்காரரோ, பங்குத்தந்தையோ, ஜமாத் தலைவரோ, உங்களுக்குப் பழக்கமான ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். குடும்ப அட்டை, மருத்துவமனையின் செலவு மதிப்பீடு, கல்விக் கட்டணச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைக் கொடுங்கள். பணத்தை மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ நேராகக் கட்டிவிடச் சொல்லுங்கள். காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும் என்பவர்களிடம், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். எங்களிடம் அப்படிச் சொன்ன எவருக்கும் உதவி நின்றதில்லை.