சி5 கார்வெட்டில் ஸ்டியரிங் பூட்டு திறக்கவில்லை, என்ன செய்வது?

சாவி போட்டால் “சாவியை எடுத்து 10 விநாடி காத்திருக்கவும்” என்று வருகிறது, ஸ்டியரிங் அசையவில்லை என்கிறீர்கள். 1997 முதல் 2004 வரை வந்த, செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் காரான சி5 கார்வெட்டின் பழைய வியாதி இது.

இந்தக் காரில் பூட்டை நகர்த்துவது சாவி இல்லை, ஒரு சின்ன மின்மோட்டார். அதனால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். நிறுத்திவைத்த காரில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். வாரக்கணக்கில் ஓட்டாமல் வைக்கும் கார்களில் பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, காதைத் தீட்டிக்கொண்டு சாவியைப் போடுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் ‘விர்ர்’ என்ற சத்தம் கேட்டும் பூட்டு விலகாவிட்டால், முன்சக்கரம் எங்கோ முட்டிக்கொண்டு பூட்டின் நாக்கை அழுத்திக்கொண்டிருக்கலாம். ஸ்டியரிங்கை இரு பக்கமும் லேசாக ஆட்டியபடியே மறுபடி சாவி போடுங்கள். சத்தமே இல்லையென்றால் மோட்டார், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே, வயரிங் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். டாஷ்போர்டில் உள்ள ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்து, ஃப்யூயல் பட்டனை நான்கு முறை தட்டினால் கோளாறு எண்கள் திரையிலேயே வரும், ஸ்கேனர் வேண்டாம்.

ஸ்டியரிங் தாராளமாகத் திரும்பினாலும் பூட்டியிருப்பதாகக் கணினி நம்பினால், கார் நகரத் தொடங்கியதும் பெட்ரோலை நிறுத்திவிடும். தயவுசெய்து அந்த நிலையில் சாலைக்கு எடுத்துப்போகாதீர்கள்.

நிரந்தரத் தீர்வுக்கு பைபாஸ் மாட்யூல் கிடைக்கிறது; பூட்டை இயங்கவிடாமல், அது விலகியே இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் சின்னக் கருவி அது. அதை மாட்டும்முன் பூட்டு முழுதாக விலகியிருக்கிறதா என்று கையால் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். திருட்டு பயம் வேண்டாம், சாவியில் பதித்த ரெசிஸ்டர் சிப் காவல் அப்படியே இருக்கும்.