நீலாம்பரி கேட்டால் பிரஷர் மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஐந்து வருடமாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படுத்தால் நடுராத்திரி வரை தூக்கம் வருவதில்லை. மோக்காவில் கர்நாடக இசை கற்கும் பேத்தி, இரவில் நீலாம்பரி ராகம் கேட்கச் சொன்னாள். மூன்று வாரமாக இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்கிறேன். தூக்கம் முன்னைக்குப் பரவாயில்லை. போன வாரம் பாட்டுக் கேட்டு முடித்ததும் வீட்டிலேயே பார்த்தேன், பிரஷர் 132/84. இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா? பிரஷருக்கு என்று தனியாக ராகம் உண்டா?

பதில்: ஐயா, மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த 132/84 மாத்திரையின் உழைப்பும் சேர்ந்த கணக்கு. பாட்டுக்கு அதில் பங்கு இருக்கலாம், ஆனால் முழுப் பெயரையும் அதற்குக் கொடுத்துவிட முடியாது. அதோடு, பிரஷர் மாத்திரைகளில் சில வகைகளைத் திடீரென்று விட்டால் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறும், நெஞ்சு படபடக்கும். குறைப்பதானால் உங்கள் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பாட்டு முடிந்த கையோடு பார்த்தீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் எண் கொஞ்சம் நல்லபிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். பாட்டு இல்லாமல், பேசாமல், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் பார்த்து எழுதி வையுங்கள். மருத்துவருக்குப் பயன்படுவது அந்தக் காகிதம்தான்.

தனி ராகத்துக்கு வருவோம். இந்த ராகம் பிரஷருக்கு, அந்த ராகம் சுகருக்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. நீலாம்பரி நம் வழக்கத்தில் தாலாட்டு ராகம். சின்ன வயதில் மடியில் படுத்துக் கேட்ட சாயல் அதில் இருந்தால் மனம் சீக்கிரம் அடங்கும், அதில் வியப்பில்லை. உடம்பு கவனிப்பது ராகத்தின் பெயரைவிட வேகத்தை. 2006ல் இத்தாலிய மருத்துவர்கள் 24 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாதிப்பேர் இசைக் கலைஞர்கள், மற்றவர்கள் இசை படிக்காதவர்கள். கேட்கவைத்த இசை வகைகளில் இந்திய ராகம் ஒன்றும் இருந்தது. வேகம் கூடக்கூட மூச்சு, இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம் மூன்றும் ஏறின. நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த அமைதியில் துடிப்பும் அழுத்தமும், இசை தொடங்கும் முன் இருந்ததைவிடக் கீழே இறங்கின! ஆகவே பாட்டு முடிந்தபின் வரும் மௌனத்தையும் கொஞ்சம் அனுபவியுங்கள். உடனே போனை எடுத்து அடுத்ததைத் தேடாதீர்கள்.

தூக்கத்துக்கு இசை உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இன்னும் தெளிவு. 13 ஆய்வுகளில் கலந்துகொண்ட சுமார் 1,000 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, தினமும் 25 முதல் 60 நிமிடம் வரை இசை கேட்ட தூக்கமில்லாதவர்களுக்குத் தூக்கத்தின் தரம் கூடியதாகச் சொல்கிறது. எனவே பேத்தி சொன்னது சரிதான்.

எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். கச்சேரிப் பதிவை அப்படியே ஓடவிட்டால், ராகத்தை நிதானமாக விரிக்கும் ஆலாபனையில் கண் சொக்கும், ஸ்வரங்களை அடுக்கும் கல்பனா ஸ்வரத்தில் விழிக்கும், மிருதங்கம் முழங்கும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்தே உட்கார்ந்துவிடுவீர்கள். வீணையிலோ புல்லாங்குழலிலோ தாளமில்லாத ஆலாபனை, இல்லையென்றால் சௌக்க காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஒரு கீர்த்தனை போதும். நானும் சின்ன வயதில் கொஞ்சம் பாட்டுக் கற்றவள். சாகித்யம் (பாட்டின் வரிகள்) காதில் விழுந்தால் கை தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும், தூக்கம் எங்கே வரும்? இப்படிப்பட்டவர்களும், கேட்ட மெட்டு மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பவர்களும் படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேட்டு முடித்துவிடுவது நல்லது.

இயர்போனோடு தூங்க வேண்டாம். காதுக்குள் வியர்த்து அரிக்கும், மெழுகு உள்ளே தள்ளப்படும். தெருநாய்க் குரைப்பை அமுக்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம், அது காது நரம்புக்குக் கேடு. சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டிலிலிருந்து தள்ளி, பக்கத்தில் பேசுவது கேட்கும் அளவுக்கு மெதுவாக வையுங்கள்.

நீங்கள் எழுதாத மூன்று விஷயங்கள் என் மனதில் ஓடுகின்றன. ஒன்று, குறட்டை. வீட்டில் மனைவியைக் கேளுங்கள்: குறட்டை நடுவே மூச்சு நின்று, திணறி மறுபடி வருகிறதா? அப்படியானால் அதுவே பிரஷரை ஏற்றும், எந்த ராகமும் அதைச் சரிசெய்யாது. பரிசோதனை தேவை. இரண்டு, இரவில் எத்தனை முறை சிறுநீருக்கு எழுகிறீர்கள்? அடிக்கடி என்றால் சுகர் பார்க்க வேண்டும். சில பிரஷர் மாத்திரைகளே நீரை வெளியேற்றும், அதைக் காலையில் போடுவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று, சாப்பாட்டுக்குப் பின் வெனிலா தேநீர். நம் தீவில் அதை விடச்சொன்னால் சண்டைக்கு வருவார்கள்! விடவேண்டாம், மத்தியானம் மூன்று மணிக்குள் குடித்துவிடுங்கள்.

ஓய்வாக உட்கார்ந்து பார்க்கும்போதும் 180/120க்கு மேல் காட்டினால், சில நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். குறையவில்லையென்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணல், கைகால் தளர்வு, பேச்சுக் குழறல் எதுவும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், பேத்தியிடம் ஒரு வேலை சொல்லுங்கள். பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாதபடி போனில் மாற்றித் தரட்டும். நீலாம்பரி முடிந்து பாதித் தூக்கத்தில் இருக்கும்போது விளம்பரம் அலறினால், மூன்று வாரப் பலனும் ஒரே ராத்திரியில் போய்விடும்.