புதுமுகக் குவாட்டர்பேக் மீதும் புதிதாகக் கட்டப்பட்ட தாக்குதல் அணி மீதும் ரசிகர்கள் வைக்கும் நம்பிக்கைக்கு அடிப்படை உண்டா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் அணி ஒன்று, தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவாட்டர்பேக்காகப் புதுமுகம் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரைச் சுற்றிப் புதிய ஆட்டக்காரர்களையும் சேர்த்துவிட்டால், முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே அதன் ரசிகர்கள் பெரிய கனவு காணத் தொடங்கிவிடுகிறார்களே, அதற்கு அடிப்படை ஏதும் உண்டா? நான் சிகாகோவை ஒட்டிய நேப்பர்வில்லில் 15 ஆண்டுகளாக வசிக்கிறேன். பேர்ஸ் அணியின் ரசிகன். புதுமுகக் குவாட்டர்பேக்காகக் கேலப் வில்லியம்ஸ் வந்து சேர்ந்த 2024 கோடையில் அந்தக் கனவை முழு மனத்தோடு கண்டவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்த ஓர் அணியின் கதையை வைத்தே பதில் சொல்கிறேன். எங்கள் நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கத்தான் செய்தது. யாரை எண்ணிப் பார்த்து நம்ப வேண்டும் என்பதில்தான் தவறிவிட்டோம்.

முதலில் சிகாகோவின் ஏக்கத்தைச் சொல்ல வேண்டும். பேர்ஸ் அணி லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றது ஒரே ஒரு முறை, 1986 ஜனவரியில், நியூ இங்கிலாந்து அணியை 46-10 என்று வீழ்த்தியபோது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த ஆட்டத்தைப் பற்றி நேற்று நடந்ததைப் போலப் பேசுவார்; பேசி முடித்ததும் அதற்குப் பிறகு வந்து போன குவாட்டர்பேக்குகளின் பெயர்களைத் தலையை ஆட்டியபடியே அடுக்குவார். ஒரே சீசனில் மொத்தம் 4,000 யார்டு தூரம் பந்தெறிந்த ஒருவரைக்கூடக் கண்டிராத அணி என்று 32 அணிகளில் இது ஒன்றுதான் இருந்தது. 1995இல் எரிக் கிரேமர் எறிந்த 3,838 யார்டுகள் முப்பது ஆண்டுகளாகச் சாதனையாகவே நின்றன. அணிகள் புதுமுகங்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2017இல் இரண்டாவது இடத்தில் மிட்ச் ட்ருபிஸ்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று பத்தாவது இடம்வரை காத்திருந்தவர், பின்னாளில் பல சூப்பர் பௌல்களை வென்ற குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். 2021இல் 11ஆவது இடத்தில் வந்த ஜஸ்டின் ஃபீல்ட்ஸை மூன்று ஆண்டுகளில் பிட்ஸ்பர்க் அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வில்லியம்ஸ் எங்களுக்குக் கிடைத்த விதமே ஒரு தனிக் கதை. டிராஃப்டில் கடந்த சீசனில் கடைசியாக வந்த அணிக்கே முதல் தேர்வு. 2022 சீசனின் கடைசி நாளில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ், இண்டியானாபொலிஸ் அணியை 32-31 என்று வென்றதால், கடைசி இடம் பேர்ஸுக்கு வந்து, அதனோடு முதல் தேர்வும் வந்தது. பேர்ஸ் அதை கரோலைனா பாந்தர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, டி.ஜே. மூர் என்ற சிறந்த ரிசீவரையும் (எறியும் பந்தைப் பிடிப்பவர்), பல தேர்வு உரிமைகளையும், அவற்றுள் ஒன்றாகக் கரோலைனாவின் 2024 முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டது. பாந்தர்ஸ் பிரைஸ் யங் என்ற குவாட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்து, 2023இல் இரண்டே ஆட்டங்களில் வென்று கடைசி இடத்துக்குப் போனது. எனவே நாங்கள் விற்ற முதல் தேர்வு, அடுத்த ஆண்டின் முதல் தேர்வாக எங்களிடமே திரும்பி வந்தது. 2024 ஏப்ரல் 25 அன்று, கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை 2022இல் பெற்ற வில்லியம்ஸ் முதல் ஆளாக அழைக்கப்பட்டார். அதே இரவில் ஒன்பதாவது இடத்தில் ரோம் ஒடுன்ஸே என்ற ரிசீவர். அதற்கு முன்பே சார்ஜர்ஸ் அணியிலிருந்து கீனன் ஆலன் வந்திருந்தார். பந்தை ஏந்தி ஓட டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட். தாக்குதலை வகுக்கப் புதிய ஒருங்கிணைப்பாளராக சியாட்டிலிலிருந்து ஷேன் வால்ட்ரன். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. 18ஆம் எண் சட்டையை டிராஃப்ட் நடந்த வாரமே வாங்கித் தர வேண்டியதாயிற்று.

இந்த நம்பிக்கையில் உணர்ச்சி மட்டும் இல்லை, கணக்கும் உண்டு. ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு இவ்வளவுதான் ஊதியம் தரலாம் என்ற உச்சவரம்பு இருக்கிறது; 2024இல் அது 25.54 கோடி டாலர். நிலைபெற்ற குவாட்டர்பேக் ஒருவர் அதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்வார். டக் பிரெஸ்காட் அந்த ஆண்டு செப்டம்பரில் டாலஸ் அணியோடு செய்த ஒப்பந்தத்தின் சராசரி ஆண்டுக்கு 6 கோடி டாலர். வில்லியம்ஸின் ஒப்பந்தமோ நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தே ஏறத்தாழ 4 கோடி டாலர்தான், ஏனென்றால் 2011இலிருந்து புதுமுகங்களின் ஊதியம் தேர்வு வரிசைப்படி நிர்ணயிக்கப்படுகிறது. மிச்சமாகும் பணத்தில் அவரைச் சுற்றி ஓர் அணியையே கட்டலாம். அந்த நான்கு ஆண்டுகள்தான் வாய்ப்பு என்பதைப் புரிந்துகொண்ட ரசிகர், முதல் ஆண்டே வீணாகக் கூடாது என்று பதறுவதும் இயல்பே.

போதாக்குறைக்கு, முந்தைய ஆண்டு ஹூஸ்டனில் நடந்தது எங்கள் கண் முன்னே இருந்தது. 2022இல் மூன்று வெற்றிகள் மட்டுமே பெற்ற டெக்ஸன்ஸ், அடுத்த ஆண்டு புதிய பயிற்சியாளர் டெமேக்கோ ரையன்ஸ், புதுமுகக் குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட் இருவரோடும் 10-7 (10 வெற்றி, 7 தோல்வி) என்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஸ்ட்ரௌட் எறிந்தவை 4,108 யார்டுகள், 23 டச்டவுன்கள் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் புள்ளிகள்). எதிரணி பிடித்துக்கொண்ட பந்துகள் ஐந்தே ஐந்து. டாம்பா பே அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 470 யார்டுகள் எறிந்து புதுமுகங்களின் சாதனையை முறியடித்தார். அவருக்கு நடந்தது இவருக்கு ஏன் நடக்கக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டோம்.

நாங்கள் எண்ணியவர்கள் எல்லோரும் பந்தை எறிபவரும் பிடிப்பவர்களும்தான். மூர், ஆலன், ஒடுன்ஸே என்று விரல் விட்டு எண்ணிவிட்டு மகிழ்ந்தோம். குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேரின் பெயரை அந்தக் கோடையில் என்னிடம் கேட்டிருந்தால் மூன்று பேரைத் தாண்டிச் சொல்லியிருக்க மாட்டேன். தொலைக்காட்சியில் கண் பந்தின் பின்னாலேயே போகிறது. அந்த ஐவரை யாரும் பார்ப்பதில்லை.

அறிகுறிகள் தொடக்கத்திலேயே தெரிந்தன. முதல் ஆட்டத்தில் டென்னஸியை 24-17 என்று வென்றோம். ஆனால் தாக்குதல் அணி ஒரு டச்டவுன்கூட அடிக்கவில்லை, வில்லியம்ஸ் எறிந்தவை 93 யார்டுகள். வெற்றியின் மகிழ்ச்சியில் அதைப் பேசாமல் விட்டோம். அடுத்த வாரம் ஹூஸ்டனில் ஸ்ட்ரௌட் ஒரு பக்கம், வில்லியம்ஸ் மறுபக்கம். பந்தை எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவதைச் சாக் என்பார்கள். அன்று வில்லியம்ஸ் ஏழு முறை அப்படி வீழ்த்தப்பட்டார். அதன் பிறகு லண்டனில் ஜாக்சன்வில்லுக்கு எதிராக நான்கு டச்டவுன்கள் எறிந்து 35-16 என்று வென்று, அணி 4-2 என்று நின்றபோது, எல்லாம் சரியாகிவிட்டது என்றே நம்பினோம். அக்டோபர் 27 அன்று வாஷிங்டனில், கடைசி நொடியில் அந்த அணியின் புதுமுகக் குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் வானத்தை நோக்கி எறிந்த பந்து பலர் கைகளில் பட்டுத் தெறித்து நோவா பிரௌனிடம் போய்ச் சேர, 18-15 என்று தோற்றோம். அந்தத் தோல்வியோடு தொடங்கியது பத்து ஆட்டத் தொடர் தோல்வி.

நவம்பர் 10 அன்று நியூ இங்கிலாந்து வந்தபோது மகளை சோல்ஜர் ஃபீல்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். எங்கள் இருக்கைகள் கோல் கம்பத்துக்குப் பின்னால், மேல் அடுக்கில் இருந்தன. மலிவான இடம் என்றாலும், தொலைக்காட்சி காட்டாததை அங்கிருந்து பார்க்க முடிந்தது. பந்து வில்லியம்ஸ் கைக்கு வந்ததும், ஐவர் வரிசை ஒரு வேலிபோல ஒரு கணம் நின்று, பிறகு எந்த இடத்தில் பிரிகிறது என்பது மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது. எதிரணியில் இருவர் குறுக்காக இடம் மாறி ஓடிவரும்போது, நம்மவர்கள் இருவரும் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு மற்றவரை விட்டுவிடுவார்கள். வில்லியம்ஸ் வலப்புறம் பார்ப்பார், இடப்புறம் பார்ப்பார், பிறகு ஓடத் தொடங்குவார். ஓடும் வழியிலும் ஒருவர் காத்திருப்பார். அன்று ஒன்பது சாக்குகள். ஆட்டம் 19-3 என்று முடிந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் கூச்சலிட்டுப் பழித்துக்கொண்டிருந்தபோது என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அந்த அஞ்சு பேரும் அவரைக் காப்பாத்தத்தானே நிக்கிறாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த நாளுக்குப் பிறகு நான் ஆட்டம் பார்க்கும் முறையே மாறிவிட்டது.

இரண்டு நாட்களில் வால்ட்ரன் நீக்கப்பட்டார். நன்றி தெரிவித்தல் நாளில் டெட்ராய்ட்டிடம், கடிகாரத்தை நிறுத்தும் டைம்-அவுட் ஒன்று கையில் மீதம் இருக்கும்போதே நேரம் கரைந்து தோற்ற மறுநாள், தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளூஸும் நீக்கப்பட்டார். 1920இல் தொடங்கிய இந்த அணி சீசன் நடுவில் தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது அதுவே முதல் முறை. சீசன் முடிவில் 5-12. வில்லியம்ஸ் வாங்கிய சாக்குகள் 68, அந்த ஆண்டு லீக்கிலேயே மிக அதிகம். 2002இல் ஹூஸ்டனின் புதுமுகம் டேவிட் கார் வாங்கிய 76தான் இன்றுவரை ஒரே சீசனின் சாதனை. அவரும் டிராஃப்டின் முதல் தேர்வாக வந்தவரே.

68இல் ஒரு பங்கு வில்லியம்ஸுடையது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் அவர் பந்தை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டு, துரத்துபவர்களிடமிருந்து நழுவி ஓடி, கடைசியில் அற்புதமாக எறிவார். அந்தப் பழக்கம் என்எஃப்எல் வேகத்துக்கு எடுபடவில்லை. ஆனால் அதைத் திருத்துவதும், பந்தை விரைவாக விடும்படி ஆட்டத்தை வகுப்பதும் பயிற்சியாளரின் பொறுப்பு. இங்கேதான் வாஷிங்டனோடு ஒப்பிட வேண்டும். அதே டிராஃப்டில் இரண்டாவதாக வந்த டேனியல்ஸும் 47 முறை வீழ்த்தப்பட்டார். அங்கும் வரிசை இரும்புக்கோட்டையாக இல்லை. ஆனால் ஒருங்கிணைப்பாளர் கிளிஃப் கிங்ஸ்பரி, டேனியல்ஸின் கால்களையும் சேர்த்தே ஆட்டத்தை வகுத்தார். வீரர்கள் கூடிப் பேசுவதைக் குறைத்து, எதிரணி மூச்சு வாங்கும் முன் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார். டேனியல்ஸ் 891 யார்டுகள் ஓடினார். முந்தைய ஆண்டு 4-13 ஆக இருந்த அணி 12-5 ஆகி, சூப்பர் பௌலுக்கு முந்தைய கட்டமான மாநாட்டு இறுதி ஆட்டம்வரை சென்றது. 2023இல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம்ஸோடு பணியாற்றியவரும் இதே கிங்ஸ்பரிதான் என்பது எங்களுக்குக் கூடுதல் வலி.

முதல் ஆண்டை வைத்தே ஒருவரைத் தள்ளிவிடவும் முடியாது. டிராய் எய்க்மன் 1989இல் தான் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் தோற்றார். பேட்டன் மேனிங் 1998இல் 28 பந்துகளை எதிரணியிடம் பறிகொடுத்தார், அணி 3-13. இருவரும் பின்னாளில் கோப்பை வென்றார்கள். மறுபுறம், முதல் ஆண்டில் ஒளிர்ந்த ஸ்ட்ரௌட்டே அடுத்த ஆண்டு ஐவர் வரிசை தளர்ந்தபோது 52 முறை வீழ்த்தப்பட்டு, முந்தைய ஆட்டத்தைக் காட்ட முடியாமல் தவித்தார். ஆகவே உங்கள் அணி புதிதாக யாரைக் கொண்டுவந்தாலும், ரிசீவர்களின் பட்டியலைப் படிக்கும் முன் அந்த ஐவரில் எத்தனை பேர் சேர்ந்து ஆடிப் பழகியவர்கள் என்று பாருங்கள். ஆட்டத்தை வகுப்பவர் இதற்கு முன் இளம் குவாட்டர்பேக் ஒருவரை வளர்த்திருக்கிறாரா என்றும், அவரையும் தலைமைப் பயிற்சியாளரையும் அடுத்த ஆண்டும் வைத்திருக்கும் எண்ணம் நிர்வாகத்துக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை சரியாக இருந்தால் கனவு காணத் தயங்க வேண்டாம்.

பேர்ஸ் நிர்வாகம் 2025இல் அதைத்தான் செய்தது. டெட்ராய்ட்டின் தாக்குதலை வகுத்த பென் ஜான்சனை ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளராக்கியது. மார்ச்சில் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று வரிசையின் நடுப்பகுதிக்கே மூன்று புதியவர்களைக் கொண்டுவந்தது. சாக்குகள் பாதிக்கும் கீழே குறைந்தன. அணி 11-6 என்று பிரிவில் முதலிடம் பிடித்தது. கிரேமரின் 3,838ஐ வில்லியம்ஸ் கடந்தார். 2026 ஜனவரியில், தோற்றால் வெளியேற வேண்டிய பிளே-ஆஃபில், கிரீன் பே எதிரே வந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். இடைவேளையில் 3-21 என்று பின்தங்கியிருந்தும் அவர் எழுந்து போகவில்லை. கடைசிக் காற்பகுதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்து, கரோலைனாவிடமிருந்து வாங்கிய அதே டி.ஜே. மூர் பிடித்த டச்டவுனோடு 31-27 என்று வென்றோம். பந்து வில்லியம்ஸ் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் என் மகள், அந்த நவம்பரிலிருந்து பழகிக்கொண்டபடி, திரையில் ஐவர் வரிசையை மட்டும் பார்த்தபடி, அது பிரியாமல் நிற்கும் நொடிகளை "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அன்று பல முறை அவளால் நான்கு வரை எண்ண முடிந்தது.