ராப்பும் எதுகையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் 40 ஆண்டுகளாக இசை கேட்பவன். ராப்பை மட்டும் என்னால் இசையாக ஏற்க முடியவில்லை. சென்ற மாதக் கட்டுரையில் நீங்கள் அதைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்ததால், செயலி பரிந்துரைத்த 30 பாடல்களை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். ராகம் இல்லை; தற்பெருமையும் வசையும் நிறைய; ஆங்கிலமும் பிடிபடவில்லை. ஆனாலும் எதையோ தவறவிடுகிறேனோ என்ற ஐயம் போகவில்லை. புதியவன் தொடங்குவதற்கு நல்ல 10 தொகுப்புகளைச் சொல்ல இயலுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த ஐயம். பிடிக்காதது அந்த 30. ஒரு மணி நேரத்தில் 30 என்றால் பாடலுக்கு இரண்டு நிமிடம். முன்பின் தெரியாத 30 வீடுகளின் வாசலில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தெருவில் ஒரு நல்ல மனிதர்கூட இல்லை என்று சொல்லித் திரும்புவது என்ன நியாயம்?

ராகம் இல்லை என்கிறீர்கள். உண்மைதான், ஆனால் அது வக்கில்லாமல் விடுபட்டதன்று, வேண்டாமென்று ஒதுக்கப்பட்டது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், தன் சகோதரி நடத்திய விருந்துக்கு இசைத்தட்டு சுழற்றினார் கூல் ஹெர்க் என்ற 18 வயது இளைஞர். குரலும் மெட்டும் விலகி முழவு மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்து, ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்த நொடிகளை நிமிடங்களாக நீட்டியவர் அவர். அந்த முழவின்மேல் பேசப்பட்ட பேச்சுதான் ராப்பாக வளர்ந்தது. தனி ஆவர்த்தனத்தில் ராகம் எங்கே என்று நீங்கள் கேட்பதில்லையே.

வசையைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. பெண்களை இழிவுசெய்யும் பாடலை யார் பாடியிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். நானும் அதையே செய்கிறேன். தற்பெருமையோ இந்தக் கலைக்குள் ஒரு விளையாட்டு. தம் புலமையைத் தாமே மெச்சிக்கொண்ட புலவர்களைப் படித்து வளர்ந்த நமக்கு அது உறுத்தக் கூடாது.

ஆனால் ‘ஆங்கிலமும் பிடிபடவில்லை’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சில வாரங்களாக நான் எண்ணிக்கொண்டிருந்ததும் அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. சில நாட்கள் படிக்கக் கூடாது என்றார்கள். ராப் என்றாலே முகம் சுளிப்பவனாக இருந்த என் காதில், “படிக்கத்தானே கூடாது மாமா, கேட்கலாமில்லையா” என்று சொல்லி, அக்காள் மகன் தன் ஹெட்போனை மாட்டிவிட்டுப் போனான். நாஸ் என்ற ராப் பாடகர் 1994-இல் வெளியிட்ட ‘இல்மேட்டிக்’ தொகுப்பு ஓடியது: 10 தடங்கள், ஏறத்தாழ 40 நிமிடம். முதல் நாள் ஒரு சொல்லும் விளங்காமல் எரிச்சல்தான் வந்தது. வேறு வேலை இல்லாததால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, என் விரல் சட்டத்தில் படும் கணத்துக்கு ஓர் இம்மி முன்னால் அவருடைய சொல் விழுவதையும், அடுத்த முறை ஓர் இம்மி பின்னால் விழுவதையும், அந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று எதுகைபோல் ஒலிப்பதையும் திடீரென்று கேட்டேன். பொருள் அப்போதும் விளங்கவில்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நாம் எதுகையை அடியின் தலையில் வைத்துப் பழகியவர்கள். ஆங்கிலக் கவிதையில் அது பெரும்பாலும் அடியின் வாலில் இருக்கும். 1979-இல் ராப்பை வானொலிகளுக்குள் கொண்டுசென்ற சுகர்ஹில் கேங் குழுவின் பாடலில், அடிதோறும் கடைசித் தட்டில் மணி அடித்தாற்போல் அந்த ஒலி வந்து விழுவதைக் குழந்தைகூட எண்ணிவிடலாம். 1987-இல் எரிக் பி., ராக்கிம் என்ற ராப் இணையர் தங்கள் முதல் தொகுப்பை வெளியிட்டபோது மணி இடம் மாறிவிட்டது. சிறுவயதில் சாக்ஸபோன் பழகிய ராக்கிம், ஒத்த ஒலிகளை அடியின் நடுவில் இரண்டு மூன்று இடங்களில் பதித்தார். அடி முடிகிற இடத்தில் வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த அடிக்குள் இழுத்துச் சென்றார். இவ்வளவையும் குரலை உயர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரைப்போலச் செய்தார். நாஸ் அந்த வழியில் வந்தவர். இதைக் கேட்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை, ஐயா. காதும் ஒரு விரலும் போதும். அருணகிரிநாதரின் சந்தம் நாவில் புரளத் தொடங்கிய பிறகுதானே நாமெல்லாம் அதன் பொருளைத் தேடிப் போனோம்? தயவுசெய்து பாடல்வரிகளைத் திரையில் விரித்துவைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் கண் முந்திக்கொள்ளும். சொல் தாளத்துக்கு முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்பது காதுக்கு எட்டாமலே போய்விடும். நான்கு முறை கேளுங்கள், ஐந்தாம் முறை படியுங்கள்.

10 தொகுப்புகள் கேட்டிருந்தீர்கள். தர மாட்டேன்; தந்தால் அவற்றையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவீர்கள். ‘இல்மேட்டிக்’ ஒன்று போதும். இரண்டாம் தடத்தில், எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை என்று நாஸ் முணுமுணுப்பது பதிவிலேயே கேட்கும். மறுகணம் தொடங்குகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று தேட வேண்டியிருக்கும். அப்போது அவருக்கு 20 வயதுதான். ஹெர்க்கின் அந்த விருந்து நடந்ததற்கு அடுத்த மாதம் பிறந்தவர்.

பிறகு மூன்றாம் தடம். அதன் தலைப்பிலேயே ஒரு வசைச்சொல் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேச்செல்லாம் ஓய்ந்த பின் கடைசியில் ஒரு கார்னெட், டிரம்பெட் போன்ற ஊதுகருவி, தனியாக எழும். வாசிப்பவர் ஓலு தாரா, ஜாஸ் கலைஞர், நாஸின் தந்தை. நீங்கள் தேடிய ராகம் அங்கே இருக்கிறது. அதுவரை விரலால் அடுத்த பாடலுக்குத் தள்ளாமல் இருந்தீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்