பின்பாட்டுக்கு இடம் விடுகிற பாட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன பள்ளி விடுமுறையில் நாங்கள் நான்கு குடும்பங்கள் இங்கே மொரீஷியஸில் பெல் மார் கடற்கரையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கினோம். எங்கள் தெருவிலிருக்கும், ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த கிரியோல் குடும்பமும் கூட வந்தது. சாப்பாடு, கடல் குளியல், பிள்ளைகளின் ஆட்டம் எல்லாம் நன்றாக இருந்தன. ராத்திரி பாட்டு என்று பேச்சு எடுத்ததும் ஒருவர் புளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பதினோரு மணி வரை அதுதான் பாடியது. நாங்கள் யாரும் பாடவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டின் வரிகள் தெரியாது. என் மாமியாருக்கு 78 வயது. அரிசியில் கல் பொறுக்கும்போது ஏதோ பழைய பாட்டை முணுமுணுப்பார். "கொஞ்சம் பாடுங்க அத்தை" என்று கேட்டால் நிறுத்திவிடுவார். வரும் நவம்பர் 2 விடுமுறைக்கு மறுபடி அங்கேயே போகிறோம். எல்லோரும் சேர்ந்து பாட ஒரு பட்டியல் தர முடியுமா?

ஒரு வாசகி, ரோஸ் ஹில்

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியல் தரலாம். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அன்று நடந்ததுதான் மறுபடி நடக்கும் என்று பயப்படுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கூட்டத்துக்காக நான் இருபது பாட்டின் வரிகளை அச்சடித்து எடுத்துப்போனேன். ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு டார்ச். எல்லோரும் தலையைக் குனிந்து வாசித்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்றாவது பாட்டோடு முடிந்துவிட்டது. அன்றிலிருந்துதான் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

கேட்கப் பிடித்த பாட்டு வேறு, கூடி உட்கார்ந்து பாடத் தோதான பாட்டு வேறு. சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவி எல்லோருக்கும் தெரியும், உற்சாகமாகத் தொடங்குவோம். பல்லவி முடிந்ததும் வயலினும் புல்லாங்குழலும் வாசிக்கிற இடையிசை வரும். அதை யார் பாடுவது? ஒரு கணம் எல்லோரும் சும்மா இருப்போம். அப்புறம் சரணம். அது தனிக்குரலுக்காக மெட்டமைத்தது, வரியும் பாதிதான் ஞாபகம் இருக்கும். பாட்டு அங்கேயே படுத்துவிடும். ஸ்பீக்கருக்கு அந்தச் சிக்கல் இல்லை, அதனால்தான் அது ஜெயிக்கிறது.

நம் கிராமத்துப் பாட்டுகள் வேறு மாதிரி. நாற்று நட, வலை இழுக்க, படகு தள்ள என்று கூட்டமாகச் செய்கிற வேலையிலிருந்து வந்தவை பல. ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். அந்தப் பின்பாட்டு என்ன? 'ஏலேலோ ஐலசா', 'தன்னானே தானேனன்னே'. அர்த்தம் என்று எதுவும் கிடையாது. உங்கள் முகாமுக்கு வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தமிழ் தெரியாத உங்கள் பிள்ளைகளும், தெருவிலிருந்து வந்த கிரியோல் நண்பர்களும் 'ஏலேலோ'வை முதல் தடவையிலேயே பிடித்துக்கொள்வார்கள். மொழி தெரிய வேண்டியது எடுத்துக்கொடுக்கிற ஒருவருக்கு மட்டும்தான்.

நம் தீவின் சேகாவும் இப்படி எடுத்துக்கொடுத்துப் பாடுகிற பாட்டுதான். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வட்டமாக நின்று பாடி ஆடியது. ஒருவர் அந்த நேரத்தில் தோன்றுவதைப் பாட, சுற்றி நிற்பவர்கள் திருப்பிப் பாடுவார்கள். மொரீஷியஸின் மரபுச் சேகாவை 2014ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தி ஃப்ரேர் என்று நாம் எல்லோரும் அறிந்த அல்ஃபோன்ஸ் ரவாத்தோன் (1900–1992) பாடிய பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். ரவான் என்கிற தட்டைத் தோல் மேளம், மரவான் என்கிற கிலுகிலுப்பை, முக்கோணக் கம்பி, அதற்கு மேல் மனிதக் குரல். வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் தாளம். ரவானின் அடி ஆறு சின்னத் தட்டுகளாக ஓடும். நம் கணக்கில் சொன்னால் 'தகிட தகிட'. கும்மிப் பாட்டுகளும் பெரும்பாலும் மும்மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடைதான், அதே 'தகிட'. அதனால் ரவான் வாசிப்பவர் தன் வழக்கமான அடியை அடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் கும்மியை ஏற்றிவிடலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். முதல் நான்கைந்து அடி கொஞ்சம் தடுமாறும், அப்புறம் தானே உட்கார்ந்துவிடும். அங்கேயே வரி கட்டிப் பாடலாம், இப்படி:

சவுக்குத் தோப்பிலே காத்தடிக்குது — ஏலேலோ
சட்டிப் பிரியாணி வாசம் தூக்குது — ஏலேலோ
மாமா போட்ட தூண்டிலிலே — ஏலேலோ
மாட்டினது அவர் செருப்பு மட்டும் — ஐலசா!

இது நான் இப்போது எழுதியது. இலக்கணம் பார்க்க வேண்டாம். அன்று பகலில் நடந்ததைத்தான் ராத்திரி பாட வேண்டும். யார் பெயர் வருகிறதோ அவர் அடுத்த வரியைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் வராவிட்டால் கிரியோலில் சொல்லட்டும், பின்பாட்டு மாறாமல் இருந்தால் போதும். பதினைந்து வயதுப் பையன்கள்கூட இதற்கு வாயைத் திறப்பார்கள்.

ரவான் வைத்திருப்பவர் உங்கள் கிரியோல் நண்பர்களின் சொந்தத்தில் யாராவது இருப்பார், கேட்டுப் பாருங்கள். ஆட்டுத்தோல் ரவானாக இருந்தால் நல்லது. ஆனால் கடற்கரையின் ஈரக்காற்றில் தோல் தளர்ந்து 'தொப் தொப்' என்று செத்த சத்தம் போடும். அதைத் தீக்கு முன்னால் பிடித்துக் காய்ச்ச வேண்டும். தோலைத் தணலுக்குக் காட்டி மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். நடுநடுவே கட்டைவிரலால் ஒரு தட்டு, காதருகே வைத்து ஒரு கவனிப்பு. தோல் இறுக இறுகச் சத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் 'டங்' என்று திறந்துகொள்ளும். தமிழ்நாட்டில் பறையையும் இப்படித்தான் தீயில் காய்ச்சுவார்கள். பிள்ளைகளை இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவிடுங்கள். மரவானை ஆட்டுகிற வேலையைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி, உள்ளே விதைகளைப் போட்டுச் செய்த தட்டைப் பெட்டி அது. ரவான் கிடைக்காவிட்டால் காலித் தண்ணீர் கேனும் இரண்டு கரண்டியும் போதும்.

தீ என்றதும் ஒன்று. அங்கே தீ மூட்டலாமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். காய்ந்த சவுக்கு இலை கீழே மெத்தை மாதிரி கிடக்கும், ஒரு பொறி போதும். மரத்தை விட்டு நன்றாகத் தள்ளி, வெறும் மணலில் மூட்டுங்கள். பக்கத்தில் இரண்டு வாளி கடல்நீர் இருக்கட்டும்.

கொஞ்ச நேரத்துக்கொரு தரம் ரவானை மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில்தான் யாராவது ஸ்பீக்கரைத் தேடுவார்கள். அப்போது விடுகதைக்குத் தாவிவிடுங்கள். நம் தீவின் பழைய 'சிராந்தான்' வழக்கம் உங்கள் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் "சிராந்தான்?" என்று கூவ, மற்றவர்கள் "சாம்பெக்!" என்று பதில் கூவ வேண்டும். அப்புறம்தான் கேள்வி. நிற்கும் தண்ணீர் எது? கரும்பு. தொங்கும் தண்ணீர் எது? தேங்காய். ஷார்ல் பைசாக் 1888ல் வெளியிட்ட நாட்டார் கதைத் தொகுப்பில் இவற்றைச் சேர்த்துவைத்தார். நம் பாட்டிமார் சொன்ன விடுகதைகளையும் இதே "சாம்பெக்"குடன் போடலாம், பொருத்தமாகவே இருக்கிறது.

சினிமாப் பாட்டே வேண்டாமா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். வேண்டும். பல்லவியை மட்டும் பாடுங்கள், இரண்டு தடவை, அப்படியே அடுத்த பாட்டுக்குப் போய்விடுங்கள். 'பாட்டுக்குப் பாட்டு' இதற்குச் சரியான விளையாட்டு. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது நடத்திப் புகழ்பெற்றது. உங்கள் கூட்டத்தில் எழுத்தை வைத்து ஆடாமல் ஓசையை வைத்து ஆடுங்கள். 'ம'வில் முடிந்தால் தமிழோ, கிரியோலோ, போஜ்புரியோ, 'ம' ஓசையில் தொடங்குகிற எந்தப் பாட்டும் செல்லும்.

சுருதியை மட்டும் கவனியுங்கள். நன்றாகப் பாடுகிறவர் தன் வசதிக்கு உயரத்தில் எடுத்துவிட்டால் மற்றவர்கள் மெதுவாக ஒதுங்கிவிடுவார்கள். பாட்டில் மிக மேலே போகிற வரியை முதலில் வாய்க்குள் பாடிப் பாருங்கள். அங்கே வயதானவர் குரல் சிரமப்படாத அளவுக்கு இறக்கிக்கொண்டு, பிறகு தொடங்குங்கள்.

பத்து மணிக்கு மேல் பக்கத்துக் கூடாரங்களும் தூங்க வேண்டும். அப்போது ரவானை மூடிவைத்துவிட்டுத் தாலாட்டு. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று சொல்வார்கள். 'ஆராரோ ஆரிரரோ', இதுவும் அர்த்தமில்லாத பின்பாட்டுதான்.

இப்போது உங்கள் மாமியார். கடிதத்தில் நீங்கள் ஓரமாகச் சொன்ன இந்த விஷயம்தான் எனக்குப் பெரியதாகத் தெரிகிறது. 1834 நவம்பர் 2ல் அட்லஸ் கப்பலில் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய நாளுக்காகத்தான் அந்த விடுமுறையே. அதற்குப் பிறகு வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த பாட்டில் எவ்வளவோ தொலைந்துவிட்டது. அவர் முணுமுணுப்பது அதில் மிஞ்சிய ஒன்றாக இருக்கலாம். "பாடுங்க அத்தை" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தன்னைப் பார்க்கும்போது எந்தப் பெரியவருக்கும் குரல் வராது. கையில் வேலை இருக்கும்போதுதானே அவர் பாடுகிறார்? மறுநாள் சமையலுக்கான அரிசியையும் முறத்தையும் எடுத்துப் போங்கள். தீயின் வெளிச்சம் படுகிற இடத்தில் பாய் விரித்து, அவரோடு நீங்களும் உட்கார்ந்து கல் பொறுக்குங்கள். மற்றவர்கள் ரவான் காய்ச்சட்டும். அவர் முணுமுணுக்கத் தொடங்கினால், வரி புரியாவிட்டாலும், அதன் கடைசி இரண்டு சொல்லை மெல்லத் திருப்பிச் சொல்லுங்கள். அவருக்குப் பின்பாட்டு கிடைத்துவிட்டால் அடுத்த வரியை அவரே கொடுப்பார்.

அந்த நேரத்தில் போனை எடுத்துப் பதிவு செய்ய வேண்டாம். மறுநாள் காலை டீ குடிக்கும்போது உட்கார்ந்து, ஞாபகம் இருப்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கிரியோல் கலந்திருந்தால் அதுவும் இருக்கட்டும். எழுதியதை எனக்கும் அனுப்புவீர்களா?

அன்புடன்.