கொலையாளியின் ஜாதகம்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் துப்பறியும் கதைகளில் போலீஸ்காரர்கள் செல்போன் டவரையும் சிசிடிவியையும்தான் நம்புகிறார்கள். அமெரிக்காவில் சடலம் கிடக்கும் விதத்தைப் பார்த்தே சைக்கோ கொலைகாரனின் வயது, தொழில், குணம் என்று ஜாதகமே எழுதிவிடுகிறார்களாமே! நம் போலீசுக்கு ஏன் இது வரவில்லை? அக்கா மகள் இதைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். படிக்க வைக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

நம் பத்திரிகைகளில் சைக்கோ என்றால் புத்தி பேதலித்து அலைபவன். சைக்கோபாத் வேறு ரகம். என்ன செய்கிறோம் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும், அடுத்தவர் வலிதான் உறைக்காது. கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர் இதை அளக்க 20 குணங்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தந்தார். ஒவ்வொன்றுக்கும் 2 மார்க் வரை. 40க்கு 30 வாங்கினால் சைக்கோபாத். ஆனால் மார்க் போட ஆள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டுமே. ஓடிக்கொண்டிருப்பவனை எப்படி அளப்பது?

அங்கேதான் நீங்கள் சொல்லும் ஜாதகம் வருகிறது. எஃப்.பி.ஐ. 1972இல் நடத்தை அறிவியல் பிரிவைத் தொடங்கியது. அதன் அதிகாரிகள் ராபர்ட் ரெஸ்லர், ஜான் டக்ளஸ் முதலியோர் சிறை சிறையாகப் போய்க் கொலைகாரர்களிடம் பேசினார்கள். பாம்பின் கால் பாம்பறியும் என்ற கணக்கு. 36 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. திட்டமிட்டுக் கொல்பவன், தாறுமாறாகக் கொல்பவன் என்ற பிரிவினை பிரபலமானது அதனால்தான். பிடிபட்டவன் சொன்னதை வைத்துப் பிடிபடாதவனை எடைபோடுகிறோம்; சொன்னவனோ பொய்யிலேயே வாழ்ந்தவன். எனக்கு இதில் எப்போதும் ஒரு நெருடல் உண்டு.

பலித்த கதையும் இருக்கிறது. லண்டனில் ரயில் நிலையங்களை ஒட்டிப் பெண்களைத் தாக்கிக்கொண்டிருந்தவனைத் தேடியபோது, உளவியலாளர் டேவிட் கேன்டர் சம்பவ இடங்களை வரைபடத்தில் குறித்து, அவன் வீடு இன்ன வட்டாரத்தில் இருக்கும் என்றார். 1986இல் சிக்கிய ஜான் டஃபி அந்த வட்டாரத்துக்காரன்தான். ஆனால் அவன் பெயர் ஏற்கெனவே போலீஸ் பட்டியலில், கிட்டத்தட்ட 2000 பேருக்கு நடுவே கிடந்தது. ஜாதகம் புதிதாக யாரையும் கண்டுபிடிக்கவில்லை. அடியில் கிடந்த ஃபைலை மேலே எடுத்து வைத்தது.

அதே லண்டனில் 1992. விம்பிள்டன் திடலில் ஓர் இளம் தாய், இரண்டு வயது மகன் கண்ணெதிரே கொல்லப்பட்டார். பால் பிரிட்டன் என்ற உளவியலாளர் கொலையாளியின் குணங்களை எழுதிக் கொடுத்தார். அந்தத் திடலில் நாயோடு நடக்கும் தனிக்கட்டை காலின் ஸ்டாக் அதற்குப் பொருந்துவதாகப் போலீசுக்குப் பட்டது. தடயம் எதுவும் இல்லை. பெண் போலீஸ் ஒருவரை அவனைக் காதலிப்பதுபோல் மாதக்கணக்கில் பழகவிட்டார்கள். அவன் கொன்றேன் என்று சொல்லவே இல்லை. ஆனாலும் ஓராண்டுக்கு மேல் சிறை. 1994இல் நீதிபதி வழக்கைத் தூக்கி எறிந்தார். உண்மைக் கொலையாளி ராபர்ட் நாப்பர் இதற்கிடையில், 1993இல், இன்னொரு தாயையும் அவள் நான்கு வயது மகளையும் கொன்றிருந்தான். முதல் கொலையை அவன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2008இல், டிஎன்ஏ காட்டிக்கொடுத்த பிறகு.

இதைப் படித்தபோது எனக்கு லண்டன் நினைவுக்கு வரவில்லை. அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர் டீக்கடைதான் வந்தது. ஒரு குறுவைச் சமயம், ராத்திரி ராத்திரியாக மோட்டார் கொட்டகைகளில் கேபிளை அறுத்துக்கொண்டு போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்தே திருடனின் ஜாதகத்தை எழுதிவிட்டோம்: குடும்பம் கிடையாது, தூக்கம் கிடையாது, ஆற்றங்கரையில் அலைபவன். சுடுகாட்டுப் பக்கம் குடிசை போட்டுத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு அது அச்சாகப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி? அவரை மனசில் வைத்துத்தானே எழுதினோம். அடித்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். இருபது நாள் கழித்து, ரப்பரை எரித்தெடுத்த செம்புக்கம்பி ஒரு பழைய இரும்புக் கடையில் சிக்கியது. விற்றவன் பிள்ளைகுட்டிக்காரன், எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தவன்.

அமெரிக்காவில் பத்துப் பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடரும் இப்படித்தான். தேவாலய நிர்வாகக் குழுவுக்குத் தலைவன். 2005இல் அவனைக் காட்டிக்கொடுத்தது அவனே அனுப்பிவைத்த கம்ப்யூட்டர் ஃபிளாப்பி. அதில் அழித்த கோப்பில் தேவாலயத்தின் பெயரும் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஆகவே என் கதைகளில் வரும் ஏட்டு டவரையும் சிசிடிவியையுமே பார்த்துக்கொண்டிருக்கட்டும். குணம் கெட்டவன் என்பதை நம் சட்டமும் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

அக்கா மகளைத் தாராளமாகப் படிக்க வையுங்கள். காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, தடய உளவியலும் அங்கே உண்டு. கூடவே புள்ளியியலையும் ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள். லீவுக்கு வந்தால் எங்கள் ஊருக்கு அழைத்து வாருங்கள். சித்தப்பாவிடம் பேசட்டும். அந்தக் குடிசைக்காரருக்கு அவர் வருஷா வருஷம் ஒரு மூட்டை நெல் அனுப்பிக்கொண்டிருந்தார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவளிடமாவது சொல்கிறாரா பார்ப்போம்.