பரணில் கிடைத்த ஸ்டீல் கிட்டார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தா 1950களில் கல்கத்தாவில் வேலை பார்த்தவர். ஊரிலுள்ள வீட்டைக் காலி செய்தபோது பரணில் அவருடைய கிட்டார் ஒன்று கிடைத்தது. ஒலித்துளை இல்லாத முழுமரம். மேலே முத்துச்சிப்பிபோல் மின்னும் சாம்பல்நிறப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறது. கழுத்து சதுரமாக இருக்கிறது. ஃப்ரெட்டுகளுக்குப் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகள்) பதில் வெறும் கோடுகள். கம்பிகள் பிக்கப்பின் (அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தப் பகுதி) ஊடாகவே நுழைந்து செல்கின்றன. விரலால் அழுத்த முடியாத உயரத்தில் இருக்கின்றன. பெயர்த்தகடு விழுந்துவிட்டது. வால்யூம் கண்ட்ரோலின் உட்பக்கத்தில் 304346 என்ற எண் இருக்கிறது. அதே தாள் ஒட்டிய சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் உடன் உள்ளது. கம்பியை இறக்கி, ஃப்ரெட் அடித்துச் சரிசெய்து தருவதாகக் கிட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? இதை எப்படி வாசிப்பது?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பழுதுபார்ப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கருவியில் பழுது எதுவும் இல்லை. அது லாப் ஸ்டீல் கிட்டார். மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடக்கையில் பிடித்த எஃகு உருளையைக் கம்பிகளின்மேல் நகர்த்தி வாசிக்கப்படுவது. உருளை பலகையில் இடிக்கக் கூடாது என்பதற்காகவே கம்பிகள் உயர்த்தப்பட்டிருக்கின்றன. கையால் வளைத்துப் பிடிக்க வேண்டிய தேவை இல்லாததால் கழுத்து சதுரமாக இருக்கிறது. விரலை அழுத்துவதே கிடையாது என்பதால் ஃப்ரெட்டுக்குப் பதில் கண்ணுக்கு வழிகாட்டும் கோடு போதுமானதாக இருக்கிறது. வாசிக்கும் முறை தெரிந்துவிட்டால், பெயர்த்தகடு இல்லாமலேயே கருவி தன்னை யார் என்று சொல்லிவிடும்.

ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த இந்த வாசிப்பு முறையை உருவாக்கியவராக ஜோசப் கெகுகுவைச் சொல்வார்கள். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் இந்த மோகம் பரவியது. கூட்டத்தின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டிய கட்டாயத்தில்தான், 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கரின் 'வறுசட்டி' கிட்டார் உருவானது. வார்ப்பு அலுமினியத்தில் செய்யப்பட்ட அந்த மடிக்கிட்டார், வணிகரீதியாக வெற்றி கண்ட முதல் மின்கிட்டார்களில் ஒன்று. கம்பிகளை வளைத்து மூடும் இரண்டு குதிரைலாடக் காந்தங்கள் அதன் அடையாளம்.

உங்களுடையதில் லாடக் காந்தம் இல்லை. முத்துச்சிப்பித் தாளையும், கம்பிகள் ஊடே நுழைந்து செல்லும் பிக்கப்பையும் சேர்த்துப் பார்த்தால், சிகாகோவிலிருந்த வால்கோ நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். (அந்தக் காலத்துக் கழிப்பறை இருக்கைகளிலும் இதே தாள் ஒட்டப்பட்டதால், சேகரிப்பாளர்கள் அதைச் சொல்லியே இந்தக் கருவிகளைக் கேலி செய்வதுண்டு, விலை பேசும்போது மட்டும் அந்தக் கேலி காணாமல் போய்விடும்.) வால்கோ ஒரே கருவியைச் சூப்ரோ, நேஷனல், ஓவாஹூ எனப் பல பெயர்களில் விற்றது. ஆகவே விழுந்துபோன தகட்டைப் பற்றி அதிகம் வருந்த வேண்டாம்.

காலத்தைக் கணிக்க நீங்கள் அனுப்பிய எண் மிகவும் உதவுகிறது. 304 என்பது அந்தக் கண்ட்ரோலைச் செய்த ஸ்டாக்போல் நிறுவனத்தின் குறியீடு. 137 என்றிருந்தால் சி.டி.எஸ். என்ற வேறொரு நிறுவனம். அடுத்த 3 ஆண்டின் கடைசி இலக்கம், 46 வாரம். 1943 போர்க்காலம், அமெரிக்காவில் இசைக்கருவித் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. 1960களில் ஆண்டை இரண்டு இலக்கங்களில் பொறிக்கும் வழக்கம் பரவிவிட்டது. எனவே 1953 நவம்பர் என்று கொள்ளலாம். ஆனால் அது உதிரிபாகத்தின் பிறந்தநாளே தவிரக் கிட்டாருடையது அன்று. கருவி அதற்கு முன் செய்யப்பட்டிருக்காது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் நிரூபிக்காது. அதுவும் பழைய ஈயப்பற்று கலைக்கப்படாமல் இருந்தால்தான். பற்றவைத்த இடத்தில் புதுப் பளபளப்புத் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கல்கத்தா என்று படித்ததும் எனக்கு வியப்பு ஏற்படவில்லை. சமோவாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த ஸ்டீல் கிட்டார் கலைஞர் டாவ் மோ 1940களில் குடும்பத்துடன் அங்கே தங்கி, வாசித்தும் கற்றுக்கொடுத்தும் வந்தார். வங்காள வீடுகளில் ரவீந்திர சங்கீதத்தை ஹவாயன் கிட்டாரில் வாசிப்பது சாதாரண வழக்கமாகவே ஆனது. பிறகு கிட்டார் கலைஞர் பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி ராகங்களுக்குக் கொண்டுசென்றார்.

இனி வாசிப்பு. இந்தக் கருவிக்கு உலகெங்கும் பெயர்பெற்ற சுருதியமைப்பு சி6. அமெரிக்க ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெர்ரி பர்டின் வாசிப்பைக் கேட்டால் அதன் இனிமை புரியும். ஆயினும் தொடக்கத்தில் அது உங்களுக்குத் தேவையில்லை. கனமான கம்பியிலிருந்து மெல்லிய கம்பிவரை டி, ஜி, டி, ஜி, பி, டி என்று வையுங்கள். வழக்கமான கிட்டார் சுருதியிலிருந்து மூன்று கம்பிகளை ஒரு முழுச்சுரம் தளர்த்தினால் போதும். எதையும் முறுக்க வேண்டியதில்லை, பழைய கழுத்துக்கும் பாரம் ஏறாது. ஜியை ஸட்ஜமாகக் கொண்டால் இது ப ஸ ப ஸ க ப. ராகம் வாசிக்கும்போது காந்தாரக் கம்பியை மட்டும் தவிர்த்துக்கொண்டால், நம் காதுக்கு அந்நியமாகவே இருக்காது. கம்பி நீளம் சாதாரண கிட்டாரைவிடக் குறைவாக இருக்கும் என்பதால் சற்றுக் கனமான நிக்கல் கம்பிகளை வாங்குங்கள். வெண்கலக் கம்பியை இந்தப் பிக்கப் சரியாக உணராது.

கிட்டார் வாசித்துப் பழகியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஃப்ரெட் கிட்டாரில் விரலைக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் வைப்போம். இங்கே உருளை கோட்டுக்கு நேர்மேலே, கம்பியைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அழுத்தினால் சுரம் ஏறிவிடும். உருளைக்குப் பின்னால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் கம்பிகளில் இலேசாகப் படிந்து வர வேண்டும். அது இல்லையென்றால் உருளைக்குப் பின்புறமுள்ள கம்பியும் சேர்ந்து அதிர்ந்து கரகரக்கும். கோட்டுவாத்தியக் கலைஞர்களின் இடக்கையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இதில் பாதி விளங்கிவிடும். எங்கே நிறுத்துவது என்பதைக் கோடு தோராயமாகத்தான் காட்டும். முடிவு செய்ய வேண்டியது காது.

ஆம்ப்ளிஃபையரைத் தயவுசெய்து நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகிவிடாதீர்கள். அமெரிக்காவுக்குள் விற்பதற்காகச் செய்யப்பட்டது என்றால் அது ஏறக்குறைய 117 வோல்ட்டுக்கானது; நம் 230 வோல்ட்டில் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். பழைய கெபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை வீழ்த்தும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும் என்பதால் பின்மூடியையும் நீங்களே கழற்ற வேண்டாம். வால்வு ரேடியோ பழுதுபார்த்த அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். அதுவரை இப்போது கடைகளில் கிடைக்கும் எந்தச் சிறிய கிட்டார் ஆம்ப்ளிஃபையரும் போதும். வால்கோ கருவிகளில் தலைப்பகுதியின் பின்புறம் வரிசை எண் பொறித்த சிறு உலோகத் தகடு ஆணியால் அறையப்பட்டிருப்பது வழக்கம். அது தப்பியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.